ஏழாம் நம்பர் உரல்

விடியற்காலைத் தூக்கத்தின் விலை ஐந்து ரூபாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோட்டோரம் இருந்த எங்கள் காலனியின் சங்கம் நிர்ணயித்த விலை அது. தூக்கத்தைப் பறிகொடுத்தவன் எட்டாம் நம்பர் ராசாங்கம். ஐந்து ரூபாய் போய்ச் சேர்ந்தது சங்கத்துக்கு. சரக்கு ஒருத்தனுடையது, காசு இன்னொருத்தனுக்கு. எங்கள் வெங்காய மண்டியில் இப்படி ஒரு வியாபாரம் நடந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

காலனி என்றால் பதினாறு வீடு. எட்டு எட்டாக இரண்டு வரிசை, ரயில்பெட்டி போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரு தெரு. முதல் வீட்டுக்கு அப்பால் தண்ணீர் டேங்க்கும் ஒரு வேப்பமரமும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று எழுதியிருந்தது. சுவர் பொது என்றால் அதன் வழியாக வருவதும் பொதுதானே? மீன் வாங்கிய நாளும், மாமியார் வந்த நாளும், சம்பளம் வந்து அது தீர்ந்த நாளும் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமலே தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகப் போக வேப்பிலை முதல் வாசல்படி வரை எல்லார் வீட்டிலும் ஒரே வெள்ளைப் புழுதி. அதில் மட்டும் பாரபட்சம் கிடையாது.

நான் இரண்டாம் நம்பர். முதல் நம்பரில் இருந்தவர் சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி. தாலுகா ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன கையை வைத்துக்கொண்டு அவர் காலனிக்கு இருபத்திரண்டு சட்டம் எழுதினார். ஆடு, கோழி கூடாது. தெருப்பக்கக் கொடியில் பாவாடை காயக் கூடாது. காலை ஆறு மணிக்கு முன்னால் சத்தம் கூடாது. மீறினால் ஐந்து ரூபாய். மூன்று முறை மீறினால் பொதுக்குழு கூடி, ஓட்டெடுத்து, வீட்டு ஒதுக்கீட்டையே ரத்து செய்யலாம். இந்தக் கடைசிச் சட்டத்தைப் படித்தபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவரவர் வீட்டில் சத்தம் இல்லை என்பது அவரவர் நினைப்பு.

ஏழாம் நம்பர் அரியமுத்துவுடையது. அவர் அப்பா பண்ணையாள், தாத்தா பண்ணையாள். அந்த வம்சத்தில் ஒருவர் பேரில் பட்டா என்று ஏறியது இந்த இருபது அடி அகல வீடுதான். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்துக் கடன் தவணை மாதம் எண்பத்தைந்து ரூபாயை நாள் தவறாமல் கட்டிவந்தார். ஆடி மாதம் ஒரு பாறை உருண்டு வலது பாதத்தில் விழுந்தது. காண்டிராக்ட் ஆள் என்பதால் நூறு ரூபாயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாதம் சேர ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர். தவணைக்குப் பாதம் தெரியாது, டாக்டரும் தெரியாது.

அவர் மனைவி கொளஞ்சியம்மாள் மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் சந்தைக்குப் போய் ஒரு கல்லுரலும் உலக்கையும் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தாள். பின்கட்டில் ஆறடி இடம். உரலை எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு பொதுச்சுவருக்குப் பக்கம்தான். எட்டாம் நம்பர் சுவரோரம் போட்டாள்.

நாலு மணிக்கு எழுந்திருப்பாள். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் கொட்டிக் குத்துவாள். தவிடு கழன்றதும் முறத்தில் புடைப்பாள். மறுபடியும் குத்துவாள். மாவும் குருணையுமாக இடித்து, உலையிலிட்டுக் களியாகக் கிண்டி, ஆறவைத்து உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுவாள். மறுநாள் அந்த உருண்டைகள் புளித்த மோரில் கரைந்து இரண்டு பானைக் கூழாகும். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தனி ஏனத்தில். பானைகளைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து பத்து மணிக்குக் குவாரியில் நிற்பாள். சொம்பு நாலணா. பன்னிரண்டு மணிக்குப் பானை கவிழ்ந்திருக்கும். தவணை நின்றது அந்தக் கூழில்தான்.

முதல் நாளே ராசாங்கம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

"எக்கா, மணி நாலுதான் ஆவுது. கடைசி ட்ரிப்பு முடிச்சு நான் படுத்ததே ரெண்டு மணிக்கு."

"தெரியும் தம்பி. நீ வந்து செருப்ப உதறுனது எனக்கும் கேட்டுச்சு."

"கொஞ்சம் விடிஞ்சப்புறம் குத்தக் கூடாதாக்கா?"

"விடிஞ்சு குத்துனா எப்பக் காய்ச்சறது, எப்பத் தூக்கிட்டு நடக்கறது? மத்தியானம் குத்தலாம்னா பிசறுன கம்பு வெக்கையில கெட்டுப்போவும். பத்து மணிக்குப் போவலன்னா கொவாரியில டீக்கடக்காரன் வாரிச் சுருட்டிக்குவான்."

"மிசினுல குடுத்து அரைங்களேன்."

"மிசினு சூட்டுல மாவு செத்துப்போவும் தம்பி. அந்தக் கூழு குடிக்க ஆவாது. சுவத்துல போஸ்டரு ஒட்டத்தான் ஆவும்."

ராசாங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை. அவள் உரலுக்கடியில் மணல் கொட்டிப் பார்த்தாள், சாக்கு மடித்துப் போட்டுப் பார்த்தாள். 'தொம்' என்றது 'தும்' என்று ஆனதே தவிர அவன் கண் மூடவில்லை. இரண்டு வாரம் பொறுத்தவன் கடைசியில் கிருஷ்ணமூர்த்தியிடம் எழுதிக் கொடுத்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தூங்காத கண்டக்டர் ஐந்து ரூபாய்க்குப் பத்து ரூபாய் சில்லறை கொடுக்கிறான். அது அவன் சம்பளத்தில் பிடித்தம்.

முதல் அபராதத்தின்போதே கொளஞ்சி தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். "டேங்க்குக்கிட்ட வேப்பமரத்தடி சும்மாதானே சார் கெடக்கு? உரல அங்க போட்டுக்கறேனே?"

"பொது எடத்துல தனியாள் தொழில் நடத்தக் கூடாது. ரூல் பதினெட்டு. இது குடியிருப்பும்மா, களத்துமேடு இல்ல."

ரூல் பதினெட்டு உண்மைதான். வேப்பமரத்துக்கு மிக அருகில் இருந்த வீடு முதல் நம்பர் என்பதும் உண்மைதான்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். காலனிக்குக் குடிவந்ததும் நாங்கள் எல்லோரும் செய்த முதல் காரியம் கம்பை மறந்ததுதான். பதினாறு வீட்டிலும் கம்பு தின்று வளர்ந்த வயிறுகள்தாம். ஆனால் வாசலில் சிமெண்டுத் தரை போட்ட பிறகு காலையில் இட்லி என்றால்தான் மரியாதை. கூழ் கூலிக்காரன் குடிப்பது. ஆக, முன்வாசலில் எல்லோரும் இட்லி. பின்பக்கச் சந்தில் மட்டும், காலை ஒன்பது மணிவாக்கில், முந்தானைக்குள் ஒரு பாத்திரம் ஏழாம் நம்பர் பின்கதவைத் தட்டும்.

"வூட்டுல வேலைக்காரி ஒருத்தி வந்திருக்கா, அவளுக்கு."

"நாய்க்கு ஊத்தலாம்னு."

"மாட்டுக்கு." காலனியில் மாடே கிடையாது.

என் வீட்டில் 'பால்காரனுக்கு' என்று சொல்லி வாங்கினார்கள். அந்தக் கணக்கின்படி எங்கள் பால்காரன் அந்த வருஷம் ஐந்து கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறியது நான்.

கொளஞ்சி யாரையும் ஒன்றும் கேட்க மாட்டாள். ஒருத்தி கிளம்பும்வரை அடுத்தவளைக் குளியலறை மறைவில் நிறுத்திவைத்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் அனுப்புவாள். அதனால் ஒவ்வொரு வீடும், காலனியில் கூழ் குடிப்பது தாங்கள் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது அபராதம் ஐப்பசியில் விழுந்தது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் பொதுக்குழு என்று நோட்டீசும் வந்தது. அன்று சாயங்காலம் வழக்கம்போல மண்டியிலிருந்து நாலு கிலோ சின்ன வெங்காயம் கொடுக்க ஏழாம் நம்பருக்குப் போனேன். அரியமுத்து காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னை வைத்துக்கொண்டே பேச்சு நடந்தது.

"ஏ புள்ள, கூட்டத்துல எந்திரிச்சு ஒவ்வொரு வூட்டு நம்பரா படிச்சிரு. யார் வூட்டுக் குண்டான் வந்துச்சு, யார் வூட்டுத் தூக்கு வந்துச்சுன்னு. ஒருத்தன் தல நிமிர மாட்டான்."

"படிச்சா?"

"வூடு நிக்கும்."

"நம்பிப் பொறவாசல்ல வந்தவங்கள முன்வாசல்ல நிறுத்தச் சொல்றீங்களா? வூடு நின்னு என்னாத்துக்கு? நாளைக்கி அக்கம்பக்கத்துல எவ மூஞ்சியில முழிக்கறது?"

"வூட்டக் குடுத்துட்டு மானத்த விரிச்சுப்போட்டாடி படுப்ப?"

கொளஞ்சி வெங்காயத்தை முறத்தில் கொட்டிச் சருகு ஊதினாள். "உங்க காலு நசுங்குன அன்னிக்கி எட்டாம் நம்பரு தம்பிதான் பஸ்ஸ நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போச்சு. டிக்கெட்டுகூடக் கிழிக்கல. அது தூக்கத்த நான் கெடுத்தது நெசந்தானே. அதுக்கு ஒரு வழி சொல்லாம, நீ கூழு குடிச்ச நீ கூழு குடிச்சன்னு காட்டிக்குடுத்தா நாயமா?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

பின்பக்கமாக மூன்று மாதம் கூழ் குடித்தவன் என்ன நியாயம் சொல்வது? "வெங்காயம் இன்னிக்கி நல்ல சரக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு உரல் சத்தம் இல்லை. கூட்டம் முடியும்வரை குத்துவதில்லை என்று அவளே நிறுத்திவிட்டாள். குவாரியிலிருந்து ஆள் வந்து கேட்டுப் போனான். பின்சந்தில் பாத்திரங்கள் வெறுமனே போய் வெறுமனே திரும்பின. என் வயிறு மூன்றாம் நாளே இட்லியுடன் சண்டை போட்டது.

நான்காம் நாள் காலை என் வீட்டுப் பொதுச்சுவர் பேசியது. தலைவருக்கு நெடுநாளாக வயிற்றுப்புண். அவர் மனைவி பூங்காவனம், தன் அண்ணன் மீன்சுருட்டியிலிருந்து அனுப்பும் கம்பில் மருந்தாகக் காய்ச்சுவதாகச் சொல்லித்தான் அவருக்குக் கூழ் கொடுத்துவந்தாள்.

"ஏ பூங்காவனம், இன்னிக்கும் கூழ் இல்லியா? நெஞ்சு எரியுதுடி."

"இல்லீங்க."

"கம்பு தீந்துட்டா உங்க அண்ணனுக்கு ஒரு கார்டு போடறது?"

"கார்டு எதுக்கு? பொறவாசல்ல நின்னு கூப்புட்டாலே கேக்கும்."

"மீன்சுருட்டிக்கா?"

"ஏழாம் நம்பருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் நங்கென்று தரையில் உட்கார்ந்தது.

"எப்பலேருந்து?"

"ஆவணியிலேருந்து."

"நான் அபராதம் எழுதுன அன்னிக்குமா?"

"ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே, அன்னிக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. பதினாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. அரியமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைக் கூட்டத்துக்கு எதிரே நீட்டியிருந்தார். கொளஞ்சி அவர் பக்கத்தில் தரையில்.

கிருஷ்ணமூர்த்தி குற்றச்சாட்டைப் படித்தார். வழக்கமாக அவர் படித்தால் டேங்க்கில் எதிரொலிக்கும். அன்று பக்கத்தில் இருந்த எனக்கே பாதி வரி கேட்கவில்லை. பிறகு ராசாங்கம் எழுந்தான்.

"எனக்கு அந்தக்கா வூடு வேணாம். எனக்கு வேண்டியது தூக்கம். அவ்வளவுதான்."

கொளஞ்சி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். நான் தலை குனிந்துகொண்டேன். பார்த்தால், ஜமக்காளத்தில் முக்கால்வாசித் தலைகள் குனிந்திருந்தன. பெயர்ப் பட்டியல் வருகிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்தோம்.

"தம்பி சொல்றது நாயம்தாங்க. அபராதம் கட்டிட்டேன், தப்ப ஒத்துக்கறேன். ஆனா உலக்கைய நிறுத்துனா தவண நிக்கும், தவண நின்னா வூடு போவும். உலக்கைய நிறுத்தலன்னா நீங்களே வூட்டப் புடுங்குவீங்க. ரெண்டு பக்கமும் எனக்கு வூடுதான் போவுது. இந்த மரத்தடியில உரலப் போட்டுக்கறேன். தம்பி வூட்டுக்குச் சத்தம் வராது."

"ரூல் பதினெட்டு..." என்று இழுத்தார் தலைவர்.

"உரல இங்க போட்டா உரலும் பொதுதாங்க சார். மொளகா இடிக்கணுமா, மஞ்சள் இடிக்கணுமா, யாரு வேணாலும் இடிச்சுக்கட்டும். உலக்கைக்கு வாடக கேக்க மாட்டேன்."

உட்கார்ந்தாள். அவ்வளவுதான். குண்டான் இல்லை, தூக்கு இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. நிமிர்ந்த தலைகளில் இருந்தது நிம்மதியா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"சரி, ஓட்டுக்கு விடறேன்," என்றார் தலைவர். "ஏழாம் நம்பருக்கு ஓட்டு கிடையாது. மிச்சம் பதினஞ்சு. ரத்து பண்ணணும்ங்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கை எழவில்லை.

"வேணாங்கறவங்க?"

அதற்கும் எழவில்லை. தூக்கினால் பக்கத்தில் இருப்பவன் கேட்பானே, 'அவளுக்காக உனக்கு என்ன அக்கறை, என்ன வரவு?' என்று.

மூன்றாம் நம்பர் கருப்பண்ணன் கடகடவென்று சிரித்தார். மாட்டுத் தரகர். திங்கள் ஒரு சந்தை, வியாழன் ஒரு சந்தை என்று திரிகிறவர். "மாட்டுச் சந்தை கெட்டுது போங்க! எல்லாருக்கும் மாடு வேணும், எவனும் வெலையச் சொல்லி வாயத் தொறக்க மாட்டேங்கறான். இதுக்கு எங்கிட்ட மருந்து இருக்கு." தோளிலிருந்த துண்டை உதறினார்.

சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. தரகர் துண்டை விரிப்பார். அதற்கடியில் கைகள் சேரும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறோமோ அதுதான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் தெரியாது. தரகர் செத்தாலும் சொல்ல மாட்டார். சொன்னால் மறுநாள் அவர் துண்டு வெறும் துண்டு.

"ஒரு வெரலு அமுக்குனா போவட்டும். ரெண்டு வெரலு அமுக்குனா இருக்கட்டும். மொத்தத்தக் கூட்டிச் சொல்றேன். பதினஞ்சு கையும் ஒத்தயா இருந்தா பதினஞ்சு. ரெட்டயா இருந்தா முப்பது. இருவத்தி மூணு வந்துட்டா வூடு நிக்குது. என்னா தலைவரே, ரூல் எடம் குடுக்குதா?"

இருபத்திரண்டு சட்டம் எழுதியவர் மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரகசிய ஓட்டு. சர்க்காரே ஒத்துக்கிட்ட முறை," என்றார். ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்பது எனக்கும் பூங்காவனத்துக்கும்தான் தெரியும்.

துண்டு நகர்ந்தது. இரண்டு வீட்டுக்கு ஓட்டுப்போடப் பெண்கள் வந்திருந்தார்கள்; அங்கே மட்டும் கருப்பண்ணனின் மனைவி முத்தாயி துண்டைப் போட்டு, விரல் வாங்கி, அப்படியே புருஷன் கையில் அழுத்திக் கொடுத்தாள். தூறல் விழுந்தது. ஒருவரும் எழவில்லை. அரியமுத்து உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார், என்னத்தை எண்ணினாரோ. கொளஞ்சி துண்டைப் பார்க்கவேயில்லை. தெருக்கோடியில் தெரிந்த தன் வீட்டு வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாங்கம் கையை விட்டான், எடுத்தான். நானும் விட்டேன். என்னுடையது இரண்டு, கணக்குக்காகச் சொல்கிறேன். கடைசியாகத் தலைவர். அவர் கை துண்டுக்குள் போய்க் கொஞ்சநேரம் தங்கியது. கருப்பண்ணனின் இடது புருவம் ஒரு நெல் அளவு மேலே ஏறி இறங்கியது.

"என் கை என் துண்டுக்குள்ளயே இருக்கு. அதயும் சேத்துட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டார் கருப்பண்ணன். "முப்பத்தொண்ணு."

"கணக்கு இடிக்குதே," என்றேன் நான். "ரெண்டு ரெண்டாப் போட்டாலும் முப்பதுதானே?"

"இருவது வருசம் வெரலப் புடிச்சு வவுறு வளக்கறேன், எனக்கா கணக்கு தப்பும்? ஒத்த வெரலு ஒண்ணுகூட இல்ல. பதினாலு கை ரெண்டு. ஒரு கை மூணு."

"மூணுக்கு நீ அர்த்தம் சொல்லலியே மாமா," என்றான் ராசாங்கம்.

"சந்தையில மூணுன்னா வெலைய ஏத்தறான்னு அர்த்தம். சரக்கு கை நழுவிப் போயிருமோன்னு பயந்தவன்தான் தானா ஏத்துவான்."

யார் அந்தக் கை என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். தலைவர் மேகத்தைப் பார்த்தார்.

அப்புறம் பேச்சு எங்கே நின்றது? அரியமுத்து நொண்டிக்கால் மறந்து எழுந்து, வலியில் "அய்யோ" என்று கத்தி, அந்த மூச்சிலேயே சிரித்தார். கொளஞ்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கொட்டும் மழையில் நாங்கள் எட்டுப்பேர் ஏழாம் நம்பர் பின்கட்டிலிருந்து உரலை உருட்டினோம். முன்னால் நின்று "ரைட், ரைட், ஓல்டான்" என்று வழி சொன்னவன் ராசாங்கம். வேப்பமரத்தடியில் குழி தோண்டி உரலை இறக்கி அவனே மண் போட்டு மிதித்தான். எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது என்று கொளஞ்சி கேட்டாள்.

"நாலுக்கே குத்துக்கா. நான் இனிமே இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

விட்ட நாளையெல்லாம் சேர்த்து அன்று மாலையே குத்தினாள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கொளஞ்சி பானைகளை முன்வாசலில் இறக்கினாள். பின்சந்தில் ஒருவரும் இல்லை. தெரு முழுக்கப் பாத்திரங்கள், முந்தானை மறைப்பு இல்லாமல். வேலைக்காரிக்கும் நாய்க்கும் இல்லாத மாட்டுக்கும் வாங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அடிப்பாவி, நீயுமா?"

"நீ மட்டும் என்னவாம்?"

தெருவே சிரித்தது. நான் பால்காரன் பெயரைச் சொல்லாமல் என் சொம்பை நீட்டினேன். வரிசையின் கடைசியில், சலவை வேட்டியோடு, கையில் பெரிய தூக்குவாளியோடு கிருஷ்ணமூர்த்தி நின்றார்.

"எத்தினி சொம்பு சார்?" என்றாள் கொளஞ்சி.

"மூணு," என்றார் அவர். கருப்பண்ணன் அந்தப் பக்கம் திரும்பி வேப்பமரத்தில் காக்கை எண்ணினார்.

தை மாதம் அரியமுத்துவின் பாதம் தரையில் ஊன்றியது. தவணை ஒருநாளும் தவறவில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம் பல வருஷம் கழித்து என் கைக்கு வந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் முத்து எழுத்தில், அடிக்கோடிட்டு, தலைவர் எழுதியிருந்தார்:

வீடு பதினாறு. ஓட்டுக்குரிய கை பதினைந்து. வரவேண்டிய விரல் முப்பது. வந்த விரல் முப்பத்தொன்று. அதிகப்படி விரல் ஒன்று, உரியவர் நேரில் வந்து கேட்டால் திருப்பித் தரப்படும்.